"செட் இன்னும் வரவில்லை": கருவிகள் கழுவும் அறையிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலை 8 மணிக்குக் குறிக்கப்பட்ட அறுவை சிகிச்சை 11 மணிக்குத் தள்ளிப்போகும்போது, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் நோயாளிக்கும் அவருடைய உறவினர்களுக்கும் சொல்லப்படும் காரணங்களில் மிகவும் எரிச்சலூட்டுவது "செட் இன்னும் வரவில்லை" என்பதுதான். ஓர் அறுவைக்கு வேண்டிய கருவிகளின் தொகுப்பைத்தான் செட் என்கிறோம். மருத்துவர் வேறோர் அவசர சிகிச்சையில் இருக்கிறார் என்றால் புரிந்துகொள்கிறார்கள்; இரத்தம் வந்து சேரவில்லை என்றாலும் பொறுத்துக்கொள்கிறார்கள்; கருவிகள் தயாராகவில்லை என்றால் மட்டும், நிர்வாகத்தின் சோம்பலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறுவை அரங்கச் செவிலியராகவும், பணியின் பிற்பகுதியில் கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து அனுப்பும் பிரிவின் பொறுப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள். சி.எஸ்.எஸ்.டி. என்று நான்கெழுத்தில் அழைக்கப்படும் அந்தப் பிரிவைப் பெரும்பாலும் கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ பின்கட்டிலோதான் வைத்திருப்பார்கள். நோயாளி அதைப் பார்ப்பதில்லை. மருத்துவர்களிலும் பலர் அதன் வாசலோடு நின்றுவிடுபவர்கள். அங்கே ஒரு செட் தயாராக உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரம் எதற்குச் செலவாகிறது, அதைச் சுருக்கினால் எது கெடுகிறது என்பதை வாசகர்கள் அறிந்துகொண்டால், அந்த எரிச்சல் சரியான இடத்தை நோக்கித் திரும்பும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

படித்தவர்களிடமும் வேரூன்றிப்போன எண்ணம் ஒன்று உண்டு. உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலமான ஆட்டோகிளேவில் வைத்துவிட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும், ஆகவே கழுவுவதில் சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் பாதகமில்லை என்பதே அது. வெப்பம் கிருமிகளை ஒரே அடியில் ஒழிப்பதில்லை. நீராவி கிருமிநீக்கத்தைச் சோதிக்கப் பயன்படும் ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகளை (வெப்பத்தைத் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவங்களை) எடுத்துக்கொண்டால், 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருப்பவற்றில் பத்தில் ஒன்பது பங்கு சாகிறது. எஞ்சிய ஒரு பங்கிலிருந்து கணக்கு மீண்டும் தொடங்குகிறது. எனவே எத்தனை கிருமிகளோடு தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே எங்கே போய் முடிகிறோம் என்பதும் அமையும். கிருமிநீக்கம் செய்யப்பட்ட பொருள் என்று ஒன்றை அழைக்க, அதில் ஓர் உயிருள்ள நுண்ணுயிர் எஞ்சியிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகளவில் ஏற்கப்பட்ட அளவுகோல். இந்தக் கணக்கு முழுவதும் நீராவி கிருமியைத் தொட்டாக வேண்டும் என்ற அடிப்படையில் நிற்கிறது. உலர்ந்த இரத்தத்தின் அடியில், கீலின் இடுக்கில், உப்புப் படிகத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை நீராவி தொடுவதில்லை.

கிருமி செத்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை என்பது இன்னும் குறைவாகவே அறியப்பட்டிருக்கிறது. சிலவகை பாக்டீரியாக்கள் இறந்த பின்னும் அவற்றின் உறையிலிருந்து பிரியும் எண்டோடாக்சின் என்ற நச்சு ஆட்டோகிளேவின் வெப்பத்தில் அழியாது. அதை அழிக்க 250 டிகிரி உலர் வெப்பம் அரை மணி நேரம் வேண்டும். கண்புரை அறுவை முடிந்து ஓரிரு நாளுக்குள் கண்ணின் முன்பகுதி முழுவதும் அழற்சியால் மங்கிப்போகும் நிலை ஒன்று கண் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணில் கிருமியே இருக்காது. சரியாக அலசாமல் விட்ட சோப்பு நீரும், நொதிக் கரைசலின் மிச்சமும், நாள்பட்ட கழுவுத் தொட்டி நீரில் பெருகிய பாக்டீரியாக்களின் எண்டோடாக்சினும் அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டவற்றுள் அடங்கும். ஆட்டோகிளேவ் தன் வேலையைக் குறையின்றிச் செய்த பிறகும் நோயாளிக்குக் கேடு நேர்ந்திருக்கிறது என்றால், பிழை அதற்கு முன்பே, குழாயடியில், நிகழ்ந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே நான் கழுவுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கழுவும் வேலை அறுவை அரங்கிலேயே தொடங்குகிறது. அறுவை நடக்கும்போதே கருவியில் படியும் இரத்தத்தைக் கிருமிநீக்கம் செய்த நீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உறிஞ்சுகுழல்களின் உள்ளே அவ்வப்போது நீர் செலுத்த வேண்டும். அறுவை முடிந்ததும் ஈரம் காயாதபடி மூடி அனுப்ப வேண்டும். அரங்கில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சலைன் என்பதால் பலர் அதிலேயே கருவிகளை ஊறப் போடுகிறார்கள். உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும்; அடுத்த நோயாளியின் இரத்தம் அந்தக் குழியில் தங்கும். பிளீச்சிங் கரைசலில் ஊறவைப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. கருவியை அரித்துவிட்டு, "இப்போதெல்லாம் தரமான எஃகு வருவதில்லை" என்று அலுத்துக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழுவும் அறையில் முதல் அலசல் குளிர்ந்த நீரில் நடக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் சுத்தம் கூடும் என்பது இயல்பாகத் தோன்றும் நினைப்பு; ஆனால் 45 டிகிரியைத் தாண்டினால் இரத்தத்திலுள்ள புரதம் இறுகத் தொடங்கிக் கருவியோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு நொதி கலந்த கழுவு கரைசல். அதன் அளவு, நீரின் வெப்பம், ஊற வேண்டிய நேரம் ஆகிய மூன்றும் புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும்; அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இம்மூன்றுதான். ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் "கொஞ்சம்" என்று கண்ணளவில் ஊற்றினால், குறைந்தால் அழுக்கு போகாது, கூடினால் நுரை அலசலில் போகாது. அந்தக் கரைசலையும் ஒரு தொகுதிக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். காலையில் கலந்ததையே மாலை வரை வைத்துக்கொண்டு, அதில் நாள் முழுவதும் கருவிகளை முக்கியெடுப்பது கழுவுவதாகாது.

அடுத்தது தூரிகை. இரத்தக்குழாயைப் பிடிக்கும் கவ்வியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் எத்தனை ஒளிவிடங்கள் இருக்கின்றன என்பது விளங்கும்: நுனியின் பற்கள், நடுவிலுள்ள கீல், கைப்பிடியருகே உள்ள பூட்டுப் பற்கள். ஒவ்வொன்றையும் திறந்த நிலையில், நீருக்கு அடியில் வைத்துத் தேய்க்க வேண்டும். நீருக்கு மேலே தேய்த்தால் தெறிக்கும் துளிகள் தேய்ப்பவரின் முகத்துக்குத்தான் வரும். கழற்றக்கூடிய கருவி எதுவாயினும் கடைசித் திருகு வரை கழற்ற வேண்டும். வயிற்றில் சிறு துளையிட்டு அதன் வழியே செய்யும் லாப்ராஸ்கோபி அறுவைக்கான கருவிகளின் நீண்ட மெல்லிய குழலுக்குள் அதே விட்டமுள்ள தூரிகை நுழைந்து மறுமுனையில் வெளிவர வேண்டும். தூரிகை சிறிதாயிருந்தால் சுவரைத் தொடாது, பெரிதாயிருந்தால் அழுக்கை உள்ளே தள்ளி அடைக்கும். ஐந்து அளவுத் தூரிகைகள் தேவைப்படும் இடத்தில் ஒரே ஒரு பழைய தூரிகை தொங்கிக்கொண்டிருப்பதைக் காணும் எவரும், மேலே ஓடும் ஆட்டோகிளேவ் எவ்வளவு விலையுயர்ந்தது என்று விசாரிக்க வேண்டிய தேவையில்லை.

கை எட்டாத இடத்துக்கு மீயொலிக் கழுவி உதவுகிறது. நொடிக்கு 35,000 அல்லது 40,000 முறை அளவில் அதிரும் ஒலியலை நீருக்குள் எண்ணற்ற நுண்குமிழிகளை உண்டாக்கி வெடிக்கச் செய்ய, அந்த வெடிப்பு அழுக்கைப் பெயர்த்தெடுக்கிறது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்பதை அறிய மெல்லிய அலுமினியத் தாளை நீரில் தொங்கவிட்டுப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. தாள் முழுவதும் சீராகப் பொத்தல் விழ வேண்டும். ஒரு மூலை வழவழப்பாகவே இருந்தால் அந்த மூலையில் வைத்த கருவிகள் வெறுமனே குளித்துவிட்டு வந்தன என்று கொள்ளலாம். வாஷர் டிஸ்இன்ஃபெக்டர் என்ற தானியங்கிக் கழுவும் இயந்திரம் இருக்கும் இடங்களில் அலசலும் கழுவலும் முடிந்து, 90 டிகிரி வெந்நீரில் 1 முதல் 5 நிமிடம் வரை தொற்றுநீக்கமும் நடந்துவிடுவதால், அடுத்து அவற்றைக் கையால் தொட்டு அடுக்குபவர்கள் அச்சமின்றி வேலை செய்ய முடிகிறது. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. நீரோ அதற்கிணையான தூய நீரோ வேண்டும். உப்பு நீரில் அலசினால் கருவியின் மேல் வெண்படலம் படிந்து, முந்தைய உழைப்பெல்லாம் வீணாகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒளியுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே ஒவ்வொரு கருவியையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் அந்த இடுக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட்டால் போதும். இரத்தம் எஞ்சியிருந்தால் நுரைக்கும். கீல்களுக்குத் தண்ணீரில் கரையும் மசகுதான் இட வேண்டும். சாதாரண எண்ணெய் இட்டால் கத்தரி அழகாகத் திறந்து மூடும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை நீராவி ஊடுருவாது. நூறு கருவிகள் கொண்ட ஒரு பெரிய செட்டை இப்படிப் பார்த்து முடிக்க, பழகிய கைக்கும் நேரம் பிடிக்கும். "பதறாத காரியம் சிதறாது" என்ற பழமொழிக்கு இந்த மேசையைவிடப் பொருத்தமான இடத்தை நான் கண்டதில்லை.

அடுக்குவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கீல்கள் திறந்திருக்க வேண்டும், கனமானவை அடியில் இருக்க வேண்டும், கிண்ணங்கள் நீர் தேங்காதபடி சாய்ந்திருக்க வேண்டும், ஒரு செட்டின் எடை 10 அல்லது 11 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு பெட்டிகளில் வைக்க வேண்டியதை ஒன்றில் திணித்தால் அது ஈரத்தோடுதான் வெளியே வரும்.

நீராவிக்கு வருவோம். உயர் அழுத்தத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் என்பதை 1679-ல் டெனி பாப்பன் தம்முடைய கலத்தில் காட்டினார். சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1879-ல், பாஸ்டரின் உதவியாளர் ஷார்ல் ஷம்பர்லான் அதைக் கிருமிநீக்கக் கருவியாக்கினார். உலர் வெப்பத்தில் 160 டிகிரியில் 2 மணி நேரம் தேவைப்படும் வேலையை ஈர நீராவி 121 டிகிரியில் 15 நிமிடத்தில் முடிப்பது எப்படி என்பதில்தான் அந்தக் கருவியின் உயிர் இருக்கிறது. ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். அதை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். அந்த 540 கலோரியையும் சுமந்துகொண்டு வரும் நீராவி, குளிர்ந்த எஃகின் மேல் பட்டதும் நீராகச் சுருங்கி அத்தனை வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. நீராவி நீராகும்போது அதன் கொள்ளளவு 1,600 மடங்குக்கு மேல் குறைவதால், காலியான இடத்தை நிரப்பப் புது நீராவி விரைந்து வருகிறது.

இதற்கு ஒரே எதிரி காற்று. பொதிக்குள் சிறைப்பட்ட காற்று நீராவிக்கு வழி விடாது. வெளியே உள்ள வெப்பமானி 134 டிகிரி காட்டும்போது பொதியின் நடுவில் அதைவிட எவ்வளவோ குறைவாக இருக்கும், வெப்பமானியைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் வெற்றிட வகை ஆட்டோகிளேவ்கள் வெப்பமேற்றும் முன் பலமுறை காற்றை உறிஞ்சியெடுக்கின்றன. அதனால்தான் 1963-ல் அறிமுகமான போவி–டிக் சோதனையை ஒவ்வொரு நாளும் முதல் சுற்றுக்கு முன், வேறு எதையும் வைக்காமல், ஓட்டிப் பார்க்கிறார்கள். சோதனைத் தாள் ஓரம் முதல் நடு வரை ஒரே நிறமாக மாறினால் காற்று போயிற்று. நடுவில் வெளிறிய வட்டம் தெரிந்தால் அன்று அந்த இயந்திரம் ஓடக் கூடாது. அந்த வெளிறிய வட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு மட்டும் ஓட்டிவிடுங்கள், மதியம் மெக்கானிக் வருவார்" என்ற சொல்லை என் பணிக்காலத்தில் ஒரு முறைக்கு மேல் கேட்டிருக்கிறேன்.

134 டிகிரியில் 3 நிமிடம் என்று பாடநூல் சொல்வதைக் கேட்டுவிட்டு, மூன்று நிமிட வேலைக்கு மூன்று மணி நேரமா என்று வியப்பவர்கள் உண்டு. அந்த 3 நிமிடம் வெப்பம் நிலைத்து நிற்க வேண்டிய நேரம் மட்டுமே. காற்றை அகற்றுவதும், வெப்பமேறுவதும், இறுதியில் உலர்த்துவதும் சேர்ந்து ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. வெளியே எடுத்த பொதி ஆறும் வரை தொடக் கூடாது. சூடான பொதியைக் குளிர்ந்த மேசையில் வைத்தால் அடியில் ஈரம் பூக்கும், ஈரமான உறை வழியே வெளிக் கிருமி உள்ளே போகும். ஈரமாக வந்த பொதி கிருமிநீக்கம் ஆகாத பொதிதான்; உறையைப் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறுவை முடிந்து கழுவும் அறைக்கு வந்த ஒரு செட் மீண்டும் அலமாரியை அடைய மூன்று, நான்கு மணி நேரம் ஆவது இதனால்தான். அதில் இயந்திரத்தின் பங்கைவிடக் கைகளின் பங்கே பெரிது.

பொதியின் மேல் ஒட்டப்படும் நாடாவில் கறுப்புக் கோடுகள் தெரிவதை எல்லோரும் நம்புகிறார்கள். அந்தப் பொதி ஆட்டோகிளேவுக்குள் போய்வந்தது, போகாத பொதியோடு அது கலந்துவிடவில்லை என்பதற்கு மேல் அந்தக் கோடுகள் எதற்கும் சாட்சியல்ல. பொதிக்குள் வைக்கப்படும் காட்டி அட்டை, வெப்பமும் நேரமும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே எட்டினவா என்று சொல்கிறது. உயிருள்ள வித்துகளைக் கொண்ட சோதனைக் குழல், அவை உண்மையில் செத்தனவா என்று சொல்கிறது. எலும்புக்குள் பொருத்தும் தகடு, திருகு, செயற்கை மூட்டு போன்றவை அடங்கிய ஒவ்வொரு சுற்றிலும் அதை வைத்து, முடிவு வந்த பிறகே பொருளை வெளியே விட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் செவிலியரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக, காட்டிகளின் முடிவு உட்படக் கிருமிநீக்கம் உறுதி செய்யப்பட்டதா என்பது இடம்பெற்றிருக்கிறது. "ஆம்" என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா, பழக்கத்தில் தலையாட்டுகிறார்களா என்பது அரங்குக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

வெப்பம் தாங்காத கருவிகளின் கதி தனி. உடலின் உட்திசுவைத் தொடும் எந்தக் கருவியும் முழுமையாகக் கிருமிநீக்கம் செய்யப்பட வேண்டும் என்று ஸ்பால்டிங் வகுத்துத் தந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் இரண்டு லாப்ராஸ்கோபி அறுவைகளுக்கு இடையே கருவிகளை 2 சதவீத குளுட்டரால்டிஹைடு கரைசலில் 20 நிமிடம் முக்கியெடுக்கும் வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது. 20 நிமிடத்தில் நடப்பது உயர்நிலைத் தொற்றுநீக்கம் மட்டுமே. வித்துகளையும் கொல்ல 10 மணி நேரம் வேண்டும். தோல் பதனிடவும், நுண்ணோக்கியில் பார்க்கும் திசுக்களை இறுகச் செய்யவும் பயன்படும் அதே வேதிப்பொருள் இது என்பதால், கழுவாத கருவியை அதில் போட்டால் இரத்தத்தைக் கருவியோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடும். பிறகு அதைக் குழாய் நீரில் அலசினால், நீரில் இயல்பாக வாழும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரர்கள் சிலர் குழலுக்குள் குடியேறுவார்கள். வயிற்றில் துளையிட்ட இடம் நன்றாக ஆறி, வாரக்கணக்கில் கழித்து மீண்டும் சீழ் கட்டி, வழக்கமான மருந்துகளுக்கு அசையாமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் புண்களுக்குப் பின்னால் இந்தக் கதைதான் அடிக்கடி இருக்கிறது. எத்திலீன் ஆக்சைடு வாயுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவும் மாற்று வழிகள். முன்னது புற்றுநோய் உண்டாக்கும் வாயு என்பதால் கருவியிலிருந்து அது வெளியேறப் பல மணி நேரம் காற்றோட்டம் தர வேண்டும். பின்னது விரைவானது, ஆனால் பருத்தித் துணியும் சாதாரணக் காகிதமும் அதற்கு ஆகாது, ஈரம் சொட்டும் கருவியும் ஆகாது. எந்த வழியாயினும் கழுவி உலர்த்தாத கருவிக்கு அங்கே இடமில்லை.

இந்த வேலையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத ஒரு நிகழ்வு 1977-ல் மருத்துவ இதழில் வெளியானது. குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் என்ற மூளைச்சிதைவு நோய் இருந்த ஒருவரின் மூளையில் பதித்த மின்முனைகளை, 70 சதவீத ஆல்கஹாலாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியாலும் சுத்தம் செய்து வேறு இரண்டு இளம் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள். இருவருக்கும் அதே நோய் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த மின்முனையை ஒரு சிம்பன்சியின் மூளையில் வைத்துப் பார்த்தபோது அதற்கும் வந்தது. அந்நோயைப் பரப்பும் பிரியான் என்ற புரதம் வழக்கமான கிருமிநீக்கத்துக்கு அஞ்சுவதில்லை. 134 டிகிரியில் 18 நிமிடம் வைக்கச் சொல்லும் விதி இதனால்தான் பல நெறிமுறைகளில் இருக்கிறது. அந்நோய் மிக அரிதானது, ஆகவே அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. புரதத்தை முதலில் கழுவி அகற்றாவிட்டால் பிறகு எதைக் கொண்டும் சரிக்கட்ட முடியாத இடங்கள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது தாமதத்துக்குத் திரும்புகிறேன். ஒரு மருத்துவமனையில் ஒரே வகை செட் இரண்டுதான் இருக்கிறது, அதே வகை அறுவை அன்று ஐந்து குறிக்கப்பட்டிருக்கிறது என்றால், கழுவும் அறையில் இருப்பவர் எந்த மந்திரத்தாலும் நேரத்தைப் பிறப்பிக்க முடியாது. நொதியில் ஊறும் நேரத்தைப் பாதியாக்குவார், அல்லது கண்ணாடியின் கீழ் பார்ப்பதை விடுவார், அல்லது உலர்த்தும் நேரத்தைக் குறைப்பார். எலும்பு அறுவைக்கு வெளியிலிருந்து வாடகையாக வரும் கருவிப்பெட்டிகள் இன்னும் மோசம். முந்தைய நாளே வந்து சேர வேண்டியவை, நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்க ஆயத்தமாகும் வேளையில் வரும், வேறெங்கோ நடந்த அறுவையின் எலும்புத்தூள் உள்ளே ஒட்டியிருக்கும். கீழே விழுந்துவிட்ட ஒற்றைக் கருவிக்காக ஏற்பட்ட உறையில்லா விரைவுச் சுற்றையே முழு செட்டுக்கும் அன்றாட வழியாக்கிக்கொண்ட அரங்குகளும் உண்டு.

என் மேல் ஒரு பழைய கடன் இருக்கிறது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான் அரங்கச் செவிலியராக இருந்த இளமைக் காலத்தில், தொடை எலும்பு முறிவுக்கான செட் ஒன்றை அனுப்ப மறுத்த சி.எஸ்.எஸ்.டி. ஊழியரிடம், மேலே மருத்துவர் கத்துகிறார் என்று நானும் போய்க் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. எலும்பின் உட்குழலைக் குடையும் ரீமரை எடுத்து, சுருள் கம்பியால் ஆன அதன் தண்டை என் கண்முன் வளைத்தார். நேராக இருந்தபோது பளபளத்த அந்தத் தண்டின் சுருள்கள் விலகியதும், உள்ளிருந்து பழுப்பான துகள்கள் மேசைத்துணியின் மேல் உதிர்ந்தன. "இது முன்னமே கழுவினதுதான் சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அதை மீண்டும் தொட்டிக்கு எடுத்துச் சென்றார். அறுவை மூன்றரை மணி நேரம் தாமதமானது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்குத்தான் கடிதம் வந்தது. துகள்களைப் பார்த்த நான் அன்று அவருக்காக ஒரு வரிகூட எழுதித் தரவில்லை.

எனவே நான் கேட்பது இவைதான். ஒரு நாளில் எத்தனை அறுவை குறிக்கலாம் என்பதை, எத்தனை செட் இருக்கிறது, அவை எத்தனை முறை முறையாகத் திரும்பிவர முடியும் என்ற கணக்கோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டும். சந்தேகமுள்ள செட்டை நிறுத்திவைக்கும் அதிகாரம் கழுவும் அறையில் இருப்பவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அதைப் பயன்படுத்தியதற்காக அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. அந்த வேலைக்கு முறையான பயிற்சி பெற்றவர்களை நியமிக்க வேண்டும்; வேறு எங்கும் பொருந்தாதவர்களை ஒதுக்கிவைக்கும் இடமாக அதைக் கருதுவது நிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் மருத்துவக் கருவிகளின் மறுசுத்திகரிப்புக்கென்றே 2016-ல் வெளியிட்ட கையேடு கழுவுதல் தொடங்கி அலமாரி வரை ஒவ்வொரு படியையும் விளக்குகிறது. அதை அச்சிட்டு அந்த அறையில் வைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

தங்களைப் போன்ற நாளிதழ்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அறுவைக்குப் பிந்தைய தொற்று பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் "ஆட்டோகிளேவ் பழுதா?" என்ற கேள்வியே தலைப்பாகிறது. செய்தியாளர்கள் அடுத்த முறை கழுவும் அறைக்குள் செல்ல அனுமதி கேட்கட்டும். எத்தனை அளவுத் தூரிகைகள் இருக்கின்றன, கரைசலை எப்போது மாற்றினார்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி எங்கே, இன்று காலையின் போவி–டிக் தாளைக் காட்ட முடியுமா, கடந்த மாதம் எத்தனை செட்டுகள் திருப்பியனுப்பப்பட்டன என்று கேட்கட்டும். ஒரு செட்கூடத் திருப்பியனுப்பப்படவில்லை என்று பெருமையோடு பதில் வந்தால், கேள்வியை அங்கே நிறுத்திவிடாமல் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்,
தங்கள் நாளிதழின் வாசகி